சிறுநீரகம் இல்லாத குட்டி: சுண்டெலிக் கருவில் ஒரு மரபணுப் பழுதின் விளைவைத் தேடிப் பார்ப்பது எப்படி

ரெட் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதான சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கைகால் சரியாக இருக்கும், மூச்சு விடும். ஒரு நாளுக்குள் இறந்துவிடும். வயிற்றைத் திறந்தால் சிறுநீரகம் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுகளவு திசு ஒட்டிக்கொண்டிருக்கும். 1994 இல் ரெட்டை நீக்கிய எலிகளில் இது தெரியவந்தது. 1996 இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஜிடிஎன்எஃப் மரபணுவை நீக்கின. அங்கும் அதே காட்சிதான். ஜிடிஎன்எஃப் என்பது சுரக்கப்படும் ஒரு புரதம். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ரெட்.

சிறுநீரகம் இல்லை என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அது எந்த நாளில், எந்தத் திசுவில், எந்தப் படியில் தவறியது என்று சொல்ல ஓராண்டு ஆகலாம். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலைக்கானது. ரெட்டையும் ஜிடிஎன்எஃப்பையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும் இதயம், நுரையீரல், கண் என்று எந்த உறுப்புக்கும் வரிசை இதேதான்: பிறப்பிலிருந்து பின்னோக்கி நடந்து, முதல் பிசகு தெரியும் நாளில் நிற்க வேண்டும்.

தமிழில் 'எலி' என்றால் இரண்டு விலங்கையும் குறிக்கும். இங்கே பேசுவது சுண்டெலியைப் பற்றி மட்டும். பெரிய எலியின் கரு நாள்காட்டி ஒன்றரை இரண்டு நாள் பின்தங்கி ஓடும். அதன் அட்டவணையை இதற்குப் பயன்படுத்தினால் எல்லாக் கருவும் 'வளர்ச்சி மிகுந்தது' போலத் தெரியும்.

இயல்பான நாள்காட்டியை மனப்பாடம் செய்யுங்கள்

இணை சேர்ந்த மறுநாள் காலையில் பெட்டையின் பிறப்புவாயில் தெரியும் விந்துக்கட்டிதான் பிளக். அதைக் கண்ட நாளின் நண்பகல் 0.5 ஆம் நாள். 10.5 ஆம் நாளில் பின்னங்கால் மொட்டின் மட்டத்தில் வுல்ஃபியன் நாளம் என்ற குழலிலிருந்து (கீழே 'நாளம்' என்பது இதுவே) ஒரு சிறு முளை பக்கவாட்டில் கிளம்பும். இதுதான் சிறுநீர்க்குழாய் மொட்டு. அருகில் திரண்டிருக்கும் மீசென்கைம் என்ற கருத்திசுவுக்குள் அது நுழைந்து, 11.5 ஆம் நாளில் முதல் கிளை பிரிந்து ஆங்கில 'டி' எழுத்துப் போல நிற்கும். அதன்பின் கிளைக்கு மேல் கிளை. ஒவ்வொரு கிளை நுனியைச் சுற்றியும் மீசென்கைம் செல்கள் தொப்பி போலக் கூடி, அவற்றிலிருந்து, இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்குழல்களான நெஃப்ரான்கள் உருவாகும். புது நெஃப்ரான் உருவாவது பிறந்து மூன்று நான்கு நாளில் நின்றுவிடும். மனிதரில் பிறப்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது. இந்த வேறுபாடு பின்னால் நெஃப்ரான் எண்ணும்போது முக்கியமாகும்.

ஜிடிஎன்எஃப் மீசென்கைமில் சுரக்கிறது. ரெட் நாளத்திலும், பிறகு மொட்டின் நுனிகளிலும் இருக்கிறது. ஜிஎஃப்ஆர்ஏ1 என்ற துணை ஏற்பியும் கூட வேண்டும். மீசென்கைம் 'வா' என்கிறது, நாளம் கேட்டு முளை விடுகிறது. அழைப்பு இல்லை என்றாலும் காது இல்லை என்றாலும் பெரும்பாலும் மொட்டு வராது. மொட்டு வராவிட்டால் மீசென்கைமும் தாக்குப்பிடிக்காமல் செத்துப்போகும். அதனால் 18.5 ஆம் நாளில் இரண்டு பழுதும் ஒன்றாகவே தெரியும். இறுதிக் காட்சியை மட்டும் பார்த்து மரபணுவின் வேலையைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எத்தனை எலிகள் வேண்டும்

கணக்கை விண்ணப்பம் எழுதும்போதே போட வேண்டும். இந்தியாவில், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவில் பதிவான விலங்குக் கூடத்தில், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் வேலை செய்ய முடியும். குறைத்துக் கேட்டு நடுவில் திணறுவது எல்லா இடத்திலும் நடக்கும் கதை.

ஹெட் என்றால் மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதான எலி, மியூட்டன்ட் என்றால் இரண்டும் பழுதானது, வைல்ட்டைப் என்றால் இரண்டும் நல்லது. ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் நான்கில் ஒன்று மியூட்டன்ட். ஒரு சினையில் 7 கரு என்று வைத்தால் சராசரியாக 1.75 மியூட்டன்ட். ஒரு வயதுக்கு 6 மியூட்டன்ட் வேண்டுமானால் நான்கு சினை எடுக்க வேண்டும். பிளக் கண்ட எல்லாப் பெட்டையும் சினையாகாது என்பதால் ஆறு பெட்டை வைத்துக்கொள்ளுங்கள். 10.5, 11.5, 12.5, 18.5 என்று நான்கு வயது பார்க்கும் திட்டத்துக்கு 24 பெட்டைகள். 8 கரு உள்ள ஒரு சினையில் ஒரு மியூட்டன்ட்டும் இல்லாமல் போக வாய்ப்பு 0.75 இன் எட்டாம் அடுக்கு, அதாவது சுமார் 10%. எனவே ஒரு சினை வெறுங்கையாக வந்தால் 'கரு முன்பே இறந்துவிட்டது' என்று முடிவு கட்ட வேண்டாம்.

இணை சேர்ப்பதும் பிளக் பார்ப்பதும்

பெட்டை 8 முதல் 12 வாரம், கிடா 10 வாரத்துக்கு மேல். கிடா எப்போதும் தனிக்கூண்டில் இருக்கட்டும். மாலையில் பெட்டையைக் கிடாவின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள், கிடாவைப் பெட்டையின் கூண்டுக்கு அல்ல. புது இடத்தில் கிடா மோப்பம் பிடிப்பதிலேயே இரவைக் கழித்துவிடும்.

பெட்டைகளைக் கூட்டமாக வைத்தால் சினைப்பருவச் சுழற்சி அடங்கிவிடும். இணை சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்னால் கிடா இருந்த கூண்டின் அழுக்குப் படுக்கையில் ஒரு பிடி அள்ளிப் பெட்டைகளின் கூண்டில் போடுங்கள். கிடாவின் சிறுநீர் மணத்தால் சுழற்சி திரும்பத் தொடங்கி, மூன்றாம் இரவில் பலவும் ஒரே நேரத்தில் தயாராகும். இதைச் செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பெட்டைகளைச் சேர்த்தால், சுழற்சி 4 முதல் 5 நாள் என்பதால், ஓர் இரவில் இரண்டு பிளக் கிடைத்தாலே நல்ல நாள்.

காலையில் 9 மணிக்குள் பிளக் பாருங்கள். நேரம் போகப் போக அது கரைந்தோ உதிர்ந்தோ போய்விடும். பிறப்புவாயில் வெண்மஞ்சள் நிறக் கட்டியாகத் தெரியும். உள்ளே இருந்தால் மழுங்கிய ஆய்வூசியால் மெல்லத் தொட்டால் தடை தெரியும். பிளக் கண்டதும் பெட்டையைப் பிரித்துவிடுங்கள். கண்டும் பிரிக்காமல் விட்டால் அடுத்த இரவின் கணக்கும் கலந்து, நாளில் ஒரு நாள் பிழை நுழையும். 11.5 ஆம் நாளில் ஒரு நாள் பிழை என்பது மொட்டு உண்டா இல்லையா என்கிற பிழை.

பிளக் நாளிலும் 10 ஆம் நாளிலும் எடை பாருங்கள். எடை அசையாத பெட்டையைத் திறக்க வேண்டாம். திரும்ப இணைக்கு விடலாம்.

முதலில் 18.5 ஆம் நாள்

ஏன் பிறந்த குட்டியைப் பார்க்கக் கூடாது? தாய் இறந்த குட்டியைத் தின்றுவிடும். காலையில் எண்ணும்போது மியூட்டன்ட் ஏற்கெனவே காணாமல் போயிருக்கும். பட்டியலில் அது 'கருவிலேயே இறந்தது' என்று பதிவாகும். 18.5 ஆம் நாளில் தாயைத் திறந்து எடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

இந்த நாளின் விகிதமே ஒரு தரவு. எடுத்துக்காட்டாக, தாய்ப்பால் மறக்கும் வயதில் 80 குட்டிகளில் 27 வைல்ட்டைப், 53 ஹெட், 0 மியூட்டன்ட் என்று வந்தால், எதிர்பார்த்த 20, 40, 20 இலிருந்து எவ்வளவு விலகல் என்று சொல்லும் கை வர்க்கம் 26.7. மூன்று வகை என்பதால் இரண்டு கட்டின்மை; அதற்கு எல்லை 5.99, தாண்டினால் தற்செயல் என்று சொல்ல முடியாது. பழுது உயிரைக் குடிக்கிறது என்பது உறுதி; எப்போது என்பது இதில் இல்லை. 18.5 ஆம் நாளில் கால் பங்கு மியூட்டன்ட் உயிரோடு கிடைத்தால் சாவு பிறப்பை ஒட்டியது. ரெட், ஜிடிஎன்எஃப் இரண்டிலும் இப்படித்தான், ஏனென்றால் கருவில் கழிவை நீக்குவது நச்சுக்கொடி. சிறுநீரகம் இல்லாமலே கரு முழுக்காலம் தாங்கும்.

தாயை அனுமதிக்கப்பட்ட முறையில் கொன்றபின் கருப்பையை முழுதாக எடுத்து, பனியில் வைத்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் போடுங்கள். இந்த வயதுக் கரு ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் வலு உள்ளது. தாய்க்குக் கொடுத்த கார்பன் டை ஆக்சைடு கருவைக் கொன்றிருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு கருவுக்கும் தனியே அனுமதிக்கப்பட்ட முறை தேவை.

கருவுக்கு எண் கொடுங்கள். கருப்பையின் இடக்கொம்பா வலக்கொம்பா, கருமுட்டைப் பையிலிருந்து எத்தனையாவது என்பதையும் குறியுங்கள். உச்சந்தலை முதல் புட்டம் வரை நீளம், எடை, பின் வாலில் இருந்து 2 மில்லிமீட்டர் துண்டு. கரைந்துபோன கருக்களையும் எண்ணி எழுதுங்கள். அவற்றின் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமானால், ஒரு பகுதி மியூட்டன்ட்கள் முன்பே போய்விட்டன என்று பொருள்.

வயிற்றை நடுக்கோட்டில் திறந்து, கல்லீரலையும் குடலையும் பக்கத்தில் ஒதுக்குங்கள். எதையும் வெட்டுவதற்கு முன் அளவுகோலோடு ஒரு படம். சுண்டெலியில் வலச் சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தலைப்பக்கமாக இருக்கும்; அது குறைபாடு அல்ல.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை ஒன்று உண்டு. சிறுநீரகம் இல்லாத கருவிலும் அட்ரினல் சுரப்பி இருக்கும். மேலே வெளிறிய நிறத்தில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் அதைப் பார்த்து 'சிறிய சிறுநீரகம்' என்று எழுதிவிடுவார்கள். மறுபக்கம், ஆண் கருவில் விரையையும் பெண் கருவில் கருமுட்டைப் பையையும் சிறுநீரகமாக எண்ணியவர்களும் உண்டு. ஐயம் வந்தால் சிறுநீர்ப்பையில் தொடங்கி மேல்நோக்கிச் சிறுநீர்க்குழாயைப் பின்தொடருங்கள். குழாய் எங்கே முடிகிறது என்பதே விடை. குழாயே இல்லையென்றால் மொட்டு கிளம்பவில்லை. குழாய் பாதியில் குருடாக முடிந்தால் மொட்டு கிளம்பியும் எதையும் தூண்டவில்லை. இவை இரண்டும் வேறு வேறு முடிவுகள், இரண்டையும் 'இல்லை' என்ற ஒரே கட்டத்தில் போடாதீர்கள். ரெட் மியூட்டன்ட்களில் ஒரே உடலில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் மற்றதுமாகக் கூட வரும்.

அதே கருவின் குடலையும் எடுத்து வையுங்கள். ரெட்டோ ஜிடிஎன்எஃப்போ இல்லாத கருவில் குடல் சுவரின் நரம்பணுக்களும் உருவாவதில்லை. மனிதரில் ரெட் செயலிழந்தால் வரும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயின் வேர் இதுதான். சிறுநீரகத்துக்காக வைத்த எலியில் குடல் செய்தி இலவசமாகக் கிடைக்கிறது, தூக்கி எறிவானேன்.

ஜீனோடைப்பிங்: எளிய வேலை, அதிகப் பிழை

எந்தக் கரு வைல்ட்டைப், எது ஹெட், எது மியூட்டன்ட் என்று டிஎன்ஏவில் பார்ப்பதே ஜீனோடைப்பிங். வால் துண்டை, அல்லது 12.5 ஆம் நாளுக்கு முந்திய கருவானால் அதைச் சூழ்ந்த மெல்லிய கருவுணவுப் பையை, குழாயில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் இடிடிஏவும் கலந்த கரைசல் 75 மைக்ரோலிட்டர். 95 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். வால் தடிமனானால் 60 நிமிடம்.
2. ஆற வைத்து, 40 மில்லிமோலார் டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு 75 மைக்ரோலிட்டர் சேர்த்து நடுநிலைப்படுத்துங்கள். இதை மறந்தால் காரம், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைக் கெடுத்து, ஜெல்லில் ஒன்றும் வராது.
3. சுழற்றி, மேலே தெளிந்ததில் 1 அல்லது 2 மைக்ரோலிட்டர் போதும். அதிகம் போட்டால் நல்லது என்பது இங்கே செல்லாது. கசடு நொதியைத் தடுக்கும்.
4. மூன்று பிரைமர்கள் (பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்): பொதுவான ஒன்று, வைல்ட்டைப் அல்லீலுக்கு (மரபணுவின் நல்ல வடிவத்துக்கு) ஒன்று, பழுதான அல்லீலுக்கு ஒன்று. 94 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 94 இல் 30 நொடி, 60 இல் 30 நொடி, 72 இல் 45 நொடி என 35 சுற்று. 60 என்பது தொடக்கம்தான். உங்கள் பிரைமருக்கு ஏற்ப மாற்றுங்கள்.
5. 2% அகரோஸ் ஜெல். ஒவ்வொரு முறையும் தெரிந்த வைல்ட்டைப், தெரிந்த ஹெட், தெரிந்த மியூட்டன்ட், வெறும் நீர் ஆகிய நான்கும் கூட ஓட வேண்டும்.

தாயின் திசு கலப்பதுதான் பெரிய வில்லன். தாய் ஹெட். அதன் செல் கொஞ்சம் ஒட்டினாலும் மியூட்டன்ட் கரு ஜெல்லில் ஹெட் ஆகத் தெரியும். விளைவு: மியூட்டன்ட் குறைந்து, ஹெட் கூடி, 'சிறுநீரகம் இல்லாத ஹெட்' என்றொரு வியப்பான கண்டுபிடிப்பு நோட்டில் ஏறும். கருவுணவுப் பையை எடுக்கும்போது வெளியே ஒட்டிய கருப்பைத் திசுவை முழுதும் உரித்து, புதிய பிபிஎஸ்ஸில் மூன்று முறை அலசுங்கள். ஒவ்வொரு கருவுக்கும் இடுக்கியைத் துடையுங்கள். ஐயமான கருவின் தலையை உறைய வைத்திருந்தால் அதிலிருந்து மறுபடி பாருங்கள்.

இன்னொன்று: இரண்டு பட்டைகளில் குட்டையானது எளிதில் பெருகும். நீளமானது மங்கிப்போய் ஹெட், குட்டைப் பட்டை மட்டும் கொண்டதாகத் தெரியும். குட்டைப் பட்டைக்கான பிரைமரைப் பாதியாக்கிப் பாருங்கள்.

டிஎன்ஏ மாறியிருப்பதும் புரதம் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல. கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் ஒரு எக்ஸானில் (புரதத்துக்கான மரபணுத் துண்டில்) நான்கு எழுத்து நீக்கியிருக்கலாம். செல் அந்த எக்ஸானையே தாண்டிப் படித்துப் பாதிப் புரதம் செய்துகொள்ளலாம். ஒரு முறையாவது புரதத்தைப் பாருங்கள்.

பின்னோக்கி: 11.5 ஆம் நாள்

18.5 இல் இல்லாதது 12.5 இலும் இல்லை என்றால் இன்னும் பின்னே போகவும். ரெட்டுக்கும் ஜிடிஎன்எஃப்புக்கும் நிற்க வேண்டிய இடம் 10.5 இலிருந்து 11.5.

ஒரே சினைக் கருக்கள் ஒன்றுக்கொன்று அரை நாள் முன்பின் இருக்கும். அதனால் நாளை நம்பாமல் சோமைட்டை, அதாவது முதுகு நெடுக வரிசையாகத் தெரியும் திசுக் கட்டிகளை, எண்ணுங்கள். 10.5 ஆம் நாளில் 35 முதல் 39, 11.5 இல் 40க்கு மேல். மொத்தத்தையும் எண்ணக் கண் வலிக்கும். பின்னங்கால் மொட்டுக்குப் பின்னால் உள்ளவற்றை எண்ணி ஒப்பிட்டால் போதும். 38 சோமைட் மியூட்டன்ட்டை 43 சோமைட் வைல்ட்டைப்போடு ஒப்பிட்டு 'மொட்டு தாமதம்' என்று எழுதினால், அது அந்தக் கருவின் தாமதமே தவிர மரபணுவின் விளைவு அல்ல.

எடுப்பது இப்படி. கருவை முன்னங்காலுக்குக் கீழே குறுக்கே வெட்டி மேல்பாதியை விலக்குங்கள். 1 மில்லிலிட்டர் சிரிஞ்சில் பொருத்திய 27 கேஜ் ஊசி இரண்டு போதும், ஒன்று பிடிக்க, ஒன்று அறுக்க. வயிற்றுப் பக்கத்தைத் திறந்து குடலை நீக்கினால் நடுவில் பெருந்தமனி தெரியும். அதன் இருபுறமும், பின்னங்கால் மட்டத்தில், நாளத்தோடு சேர்ந்து சிறுநீரக அடிப்படை இருக்கும். கீழிருந்து சாய்வாக ஒளி விழுந்தால் மீசென்கைம் முட்டை வடிவில் இறுகித் தெரியும். நேர் ஒளியில் ஒன்றும் தெரியாது. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் திருப்பத் தெரியாமல் மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் பலர்.

நாளத்தையும் மீசென்கைமையும் சேர்த்தே எடுத்து, 4% பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிலைப்படுத்துங்கள். பிறகு இ-கேடெரின் அல்லது கால்பிண்டின் எதிர்ப்பொருளால் நாளத்தையும் மொட்டையும், சிக்ஸ்2 எதிர்ப்பொருளால் மீசென்கைமையும் நிறமேற்றலாம். முழுத் துண்டுக்குள் எதிர்ப்பொருள் புக நேரம் வேண்டும்: 0.3% டிரைட்டன் சேர்த்த பிபிஎஸ்ஸில் 10% சீரம் வைத்துத் தடுப்பு, முதல் எதிர்ப்பொருள் 4 டிகிரியில் இரவு முழுதும், ஒரு மணி நேரமாக மூன்று அலசல், இரண்டாம் எதிர்ப்பொருள் மறுபடி இரவு முழுதும். அவசரப்பட்டால் ஓரம் மட்டும் ஒளிரும், நடுவே இருட்டாக இருக்கும். 'நடுவில் செல்கள் இல்லை' என்று தவறாகப் படிக்கத் தோன்றும்.

பாராஃபார்மால்டிஹைடை அன்றே செய்யுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 4 கிராம். புகைக்கூண்டுக்குள் 60 டிகிரி பிபிஎஸ்ஸில் கலக்கி, தெளியும்வரை சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு, ஆறியபின் பிஎச் 7.4. 60ஐத் தாண்ட வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியவை: நாளம் இருக்கிறதா, குடலும் சிறுநீர்ப்பாதையும் சேரும் பொதுக்கழிவாய் வரை வந்து சேர்ந்ததா, மொட்டு ஒன்றா பலவா, சரியான மட்டத்திலா, மீசென்கைம் இருக்கிறதா, அது சாகத் தொடங்கிவிட்டதா. பாக்ஸ்2 மரபணு இல்லாத கருவிலும் பிறக்கும்போது சிறுநீரகம் இருக்காது. ஆனால் அங்கே பிழை இன்னும் முன்னால்: நாளமே சரியாக அமைவதில்லை, அதனால் இனப்பெருக்கக் குழாய்களும் போய்விடுகின்றன. ஸ்ப்ரௌட்டி1 இல்லாவிட்டால் எதிர்த்திசை. அது ரெட் செய்தியை அடக்கும் புரதம் என்பதால், அடக்குவார் இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டு கிளம்பும். ஜிடிஎன்எஃப், ஸ்ப்ரௌட்டி1 இரண்டையும் சேர்த்து நீக்கினால் சிறுநீரகம் திரும்ப உருவாகிறது. மொட்டு கிளம்ப ஜிடிஎன்எஃப் தவிர்க்க முடியாதது என்ற பாடநூல் வரியை இந்த ஒரு முடிவு திருத்திவிட்டது. எஃப்ஜிஎஃப்10 அங்கே அந்த வேலையை ஏற்கிறது.

பழுது எந்தப் பக்கம்: வளர்ப்புத் தட்டில் கேட்பது

11.5 ஆம் நாள் சிறுநீரக அடிப்படை தட்டில் வளரும். 0.4 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிசவ்வின் மேல் வைத்து, கீழே டிஎம்இஎம் எஃப்12 ஊடகமும் 10% கன்றுக் கருச் சீரமும், 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு. ஊடகம் சவ்வின் அடியைத் தொட வேண்டும், மேலே ஏறக் கூடாது. மூழ்கினால் திசு உருண்டு கிளை கிளைக்காது. காய்ந்தால் ஓரம் கருகும். 12 கிணற்றுத் தட்டானால் ஊடகத்தைச் சிறிது சிறிதாக விட்டு, சவ்வு ஈரமானதும் நிறுத்துங்கள். 48 மணியில் கிளை நுனிகளை எண்ணலாம். 72க்கு மேல் தட்டையாகப் பரவி, ஒப்பீடு பயனற்றுப்போகும்.

ஜிடிஎன்எஃப் புரதத்தை மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் சேர்த்தால் இயல்பான நாளம் வரிசையாகக் கூடுதல் மொட்டு விடும். ரெட் இல்லாத நாளம் எவ்வளவு கொட்டினாலும் அசையாது. மாற்றிச் சேர்ப்பதும் செய்யலாம்: மொட்டையும் மீசென்கைமையும் நொதியால் பிரித்து, ஒன்றை வைல்ட்டைப்பிலிருந்தும் மற்றதை மியூட்டன்ட்டிலிருந்தும் இணைப்பது. ரெட் மியூட்டன்ட்டின் மீசென்கைமைத் தண்டுவடத் துண்டோடு வைத்தால் அது நெஃப்ரான் குழல்களை உருவாக்குகிறது. ஆக, மீசென்கைம் குற்றமற்றது. பழுது மொட்டின் பக்கம். இந்தச் சோதனை இல்லாமல் 'மீசென்கைம் இறந்தது, எனவே ரெட் மீசென்கைமைக் காப்பாற்றுகிறது' என்று எழுதினால் முழுத் தவறு.

எலிக்குள்ளேயே இதே கேள்வியைக் கேட்க, குறித்த திசுவில் மட்டும் மரபணுவை வெட்டி நீக்கும் கிரீ என்ற நொதி பயன்படும். ஹாக்ஸ்பி7 கிரீ நாளத்திலும் மொட்டிலும், சிக்ஸ்2 கிரீ நெஃப்ரான் முன்னோடிச் செல்களிலும் வேலை செய்யும். கிரீ மட்டும் உள்ள உடன்பிறப்பும் கட்டாயம் ஒப்பீட்டில் இருக்கட்டும். கிரீ நுழைந்த இடமோ கிரீயின் அளவோ தானே கேடு செய்யலாம். வாலில் நீக்கப்பட்ட அல்லீலைத் தேடுங்கள். அங்கே தெரிந்தால் கிரீ விந்திலோ முட்டையிலோ கசிந்து, உங்கள் 'திசு சார்ந்த' நீக்கம் உடல் முழுதும் நடந்திருக்கிறது.

ஹெட் எலியைச் சும்மா விடாதீர்கள்

ஜிடிஎன்எஃப் ஒரு பிரதி மட்டும் உள்ள எலி உயிர்வாழும். ஒப்பீட்டுக்கு 'இயல்பு' என்று பலர் அதை வைக்கிறார்கள். அது இயல்பல்ல. சிலவற்றில் ஒரு சிறுநீரகம் இருக்காது. இரண்டும் உள்ளவற்றிலும் நெஃப்ரான் சுமார் 30% குறைவு, இருக்கும் குளோமெருலஸ்கள் (நெஃப்ரானின் வடிகட்டி உருண்டைகள்) பெருத்தவை, வயதானபின் இரத்த அழுத்தமும் கூடுகிறது. எனவே ஒப்பீட்டுக்கு வைல்ட்டைப் உடன்பிறப்பு மட்டுமே.

நெஃப்ரான் எண்ண ஒரு வெட்டுத் துண்டில் குளோமெருலஸ் எண்ணுவது குறுக்குவழி, அது இங்கே ஏமாற்றும். பெரிய உருண்டை கத்தியில் அகப்பட வாய்ப்பு அதிகம். ஹெட்டில் எண்ணிக்கை குறைவு, உருண்டை பெரிது. ஒன்றை ஒன்று ஈடுகட்டி, வேறுபாடே இல்லாததுபோல் காட்டும். அமிலத்தில் கரைத்து எண்ணுவது நேர்மையானது:

4 வார வயது எலியின் சிறுநீரகத்தை உறை நீக்கி 2 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரியில் 90 நிமிடம். 18 கேஜ் ஊசியாலும் பிறகு 21 கேஜ் ஊசியாலும் சிலமுறை உறிஞ்சித் தள்ளிப் பிரியுங்கள். பிபிஎஸ் சேர்த்து நீர்க்கச் செய்து, 4 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் அளவைச் சரியாக 50 மில்லிலிட்டராக்கி, குலுக்கியவுடனே 0.5 மில்லிலிட்டரைக் கட்டமிட்ட தட்டில் எடுத்து எண்ணுங்கள். குளோமெருலஸ் சீக்கிரம் அடியில் படியும். குலுக்கி ஒரு நிமிடம் பேசிவிட்டு எடுத்தால் எண்ணிக்கை பாதியாகும். மூன்று முறை எண்ணி, சராசரியை 100 ஆல் பெருக்குங்கள். 130 வந்தால் 13,000. வைல்ட்டைப் சிறுநீரகம் ஒன்றுக்கு இந்த அளவில் வருவதே வழக்கம். மூன்று எண்ணிக்கையும் 10% க்கு மேல் விலகினால் மறுபடி குலுக்கி எண்ணுங்கள். அமிலத்தில் நேரம் கூடினால் குளோமெருலஸும் சிதையும், குறைந்தால் குழல்கள் சுற்றிக்கொண்டு பிரியாது. பிறந்த இரண்டாம் நாள் சிறுநீரகத்தில் இதைச் செய்யாதீர்கள். நெஃப்ரான் உருவாவது அப்போது முடிந்திருக்காது.

எண்களைப் படிக்கும்போது

எண்ணுபவருக்கு ஜீனோடைப் தெரியக் கூடாது. குழாயில் எண் மட்டும் இருக்கட்டும். ஜெல் படத்தை இன்னொருவர் வைத்துக்கொள்ளட்டும். 'சற்றுச் சிறியது' போன்ற சொற்களை ஜீனோடைப் தெரிந்தவர் எழுதும்போது கை தானாகச் சாயும்.

ஓர் எலிக்கு இரண்டு சிறுநீரகம் என்பதால் மாதிரி எண்ணிக்கை இரட்டிப்பாகாது. இரண்டும் ஒரே மரபணு, ஒரே கருப்பை. அதேபோல ஒரே சினையில் கிடைத்த ஐந்து ஹெட்டும் ஐந்து தனிச் சான்றுகள் அல்ல. குறைந்தது மூன்று சினையிலிருந்து வரட்டும்.

20 வைல்ட்டைப்பில் ஒன்றிலும் இல்லை, 24 ஹெட்டில் 5 இல் ஒற்றைச் சிறுநீரகம் என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு வேறுபாடு தெளிவு. ஃபிஷரின் துல்லியச் சோதனையில் இருபக்கப் பி மதிப்பு 0.053, வழக்கமான எல்லையான 0.05க்குச் சற்று மேல். இங்கே சிறுநீரகங்களைத் தனித்தனியே எண்ணி 40க்கு 48 என்று மாற்றி எல்லையைக் கடக்க வைக்கும் ஆசை வரும். அதற்குப் பதில் இரண்டு சினை கூட எடுங்கள்.

கடைசியாக மரபுப் பின்னணி. ஒரே பழுது ஓர் இனத்தில் இரண்டு சிறுநீரகத்தையும் அழிக்கும், இன்னொன்றில் ஒன்றை மட்டும். 129 என்ற எலி இனத்தின் செல்லில் செய்த பழுதை பிளாக் 6 என்ற இன்னோர் இன எலிக்குப் பத்துத் தலைமுறை திருப்பிச் சேர்த்தால் தொடர்பில்லாத குரோமோசோம் பகுதிகள் 99.9% பிளாக் 6 ஆகிவிடும். ஆனால் பழுதான மரபணுவை ஒட்டிய பகுதி அப்படியே கூட வரும். சராசரியாக இருபுறமும் சேர்த்து 20 சென்டிமோர்கன் (குரோமோசோம் தூரத்தின் அலகு) அளவுக்கு 129 மிச்சமிருக்கும், அதில் பல நூறு மரபணுக்கள் அடங்கலாம். கடையில் வாங்கிய பிளாக் 6 எலியை ஒப்பீட்டுக்கு வைத்தால் அந்தப் பகுதியின் விளைவும் உங்கள் மரபணுவின் கணக்கில் ஏறிவிடும். உடன்பிறந்த வைல்ட்டைப்பை வைத்தாலும் ஒட்டிய பகுதி முழுதும் விலகாது. அதே மரபணுவில் தனியாக உருவாக்கிய இரண்டாவது அல்லீலிலும் அதே காட்சி வருகிறதா என்று பார்ப்பதே வழி. எந்தப் பின்னணி, எத்தனையாவது தலைமுறை என்பதைக் கூண்டு அட்டையிலேயே எழுதி வையுங்கள். வரிசையைப் பராமரித்தவர் வேறு வேலைக்குப் போன மறுநாளே அது யாருக்கும் நினைவிருக்காது.